பினாங்கு டார்ச்சும் நொச்சிக்குப்பத்து ரேடியோவும்

சென்னைத் துறைமுகத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியில் இருந்த புடவைகளையோ பிஸ்கட் டின்களையோ ஏறெடுத்தும் பார்க்கவில்லை. டார்ச் லைட்டைத்தான் எடுத்தார். எரித்தார், அணைத்தார், மறுபடியும் எரித்தார். பின்மூடியைத் திருகி, இரண்டு செல்களையும் உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு, "என்ன இது, இவ்வளவு கனமா இருக்கு?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்காகத்தான் கப்பலில் அத்தனை நாளும் காத்திருந்தேன். "தீர்ந்துபோனா தூக்கிப் போட வேண்டாம் சார். இந்தச் சின்னப் பெட்டியில வச்சு பிளக்கைச் சொருகினா மறுபடி நிறைஞ்சிடும். ஜப்பான்காரன் செஞ்சது. நிக்கல் காட்மியம்" என்றேன். கடைசி இரண்டு வார்த்தைகளை மந்திரம் போல நிறுத்திச் சொன்னேன். அவர் பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற பயணிகள் என்னைச் சபித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கோ உள்ளூரப் பெருமை தாங்கவில்லை.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பினாங்கில் ஒரு சினிமாக் கொட்டகையில் டார்ச் அடித்து, வருகிறவர்களுக்கு இடம் காட்டுவது என் வேலை. சென்னையில் என் தாய்மாமா கோவிந்தனுக்கும் அதே வேலை, தியாகராய நகரில் ஒரு கொட்டகையில். நாங்கள் பேசி வைத்துக்கொண்டு சேரவில்லை, தானாக அப்படி அமைந்தது. மாமாவைப் பார்த்து அம்மாவுக்கு இருபது வருஷம் ஆகிவிட்டது. முட்டி வலியோடு கப்பல் ஏற முடியாதென்று என்னை அனுப்பினாள். "அவன் இருட்டுல நடக்கிறவன், நல்ல வெளக்கா வாங்கிட்டுப் போ" என்றாள். எங்கள் கொட்டகையில் எல்லோருக்கும் இந்தப் புது டார்ச் வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. நானும் அதில் ஒன்று வாங்கிக்கொண்டு புறப்பட்டேன்.

அதில் ஒரு கோளாறு உண்டு. அதை நான் சுங்க அதிகாரியிடம் சொல்லவில்லை, பிறகு மாமாவிடமும் சொல்லவில்லை. சாதாரண செல் சாகும்போது மஞ்சளாகி, சிவப்பாகி, இரண்டு நாள் இழுத்துக்கொண்டு கிடக்கும். இது அப்படியில்லை. கடைசி நிமிஷம் வரை பளீரென்று எரியும், பிறகு பட்டென்று போய்விடும். அதனால் பினாங்கில் நாங்கள் இடுப்பில் இன்னொரு பழைய டார்ச்சையும் செருகி வைத்திருப்போம். பரிசு கொடுக்கப் போகிற இடத்தில் இதையெல்லாம் எதற்குச் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

வெளியே வந்ததும் மயிலாப்பூருக்கு மாடி பஸ்ஸில் போகச் சொன்னார்கள். மேல்மாடியில் முன்வரிசை கிடைத்ததும் எனக்கு எல்லாம் மறந்துவிட்டது. ஒரு பக்கம் கடற்கரை, மறுபக்கம் சிவப்புக் கட்டடங்கள், கண்ணாடியில் உரசிப் போகும் மரக்கிளைகள். எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டு வந்தார்கள். எங்கள் பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரர் புண்ணியத்தில் எனக்கு அது புரியும். "இந்த ஆள் சட்டையைப் பார்த்தாயா, ஜன்னல் திரையைக் கிழித்துத் தைத்த மாதிரி" என்றாள் ஒருத்தி. "கப்பலில் வந்தவனாக இருக்கும். கண்டக்டருக்கு நன்றி சொல்கிறானே" என்றாள் மற்றவள். அது எங்கள் ஊர்ப் பூப்போட்ட, என் அருமையான பாத்திக் சட்டை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

திருப்பியவன் திருப்பினபடியே இருந்துவிட்டேன் போலிருக்கிறது. கண்டக்டர் வந்து தோளைத் தட்டினார். "இன்னாபா, மயிலாப்பூர்னு டிக்கெட் வாங்கினு இங்க குந்திகினு கீறே? இது அடையாறு. எறங்கு." அடையாற்றுப் பாலத்தின் காற்று வாங்கியதுதான் மிச்சம் என்று, பெட்டியைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்க பஸ்ஸுக்கு ஓடினேன்.

மயிலாப்பூர்க் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், ஆறு குடித்தனங்கள் ஒரே குழாயைப் பங்கு போட்டுக்கொள்ளும் வீட்டில் மாமா இருந்தார். ஒல்லியான மனிதர், அம்மாவின் அதே மூக்கு. என்னைப் பார்த்ததும் கட்டிப் பிடித்துக்கொண்டார். பிறகு என்னைத் தள்ளி நிறுத்திப் பார்த்து, "இன்னா மருமவனே, எங்க அக்கா மூஞ்ச அப்டியே ஒட்டிகினு வந்துகிறே" என்றார். அத்தை சங்கரா மீன் குழம்பும் சோறும் போட்டாள். பினாங்கில் நாங்களும் மீன் சாப்பிடுகிறவர்கள்தான். ஆனால் அந்தக் குழம்பில் புளியும் மாங்காயும் சண்டை போட்டுக்கொண்டு இறங்கிய அழகு எங்கள் ஊரில் கிடையாது. மூன்று தடவை சோறு வாங்கினேன்.

டார்ச்சைக் கையில் கொடுத்தபோது மாமாவின் விரல்கள் அதை எடை பார்த்தன. தொழிலாளியின் விரல்கள். சுவரில் அடித்துப் பார்த்து, "வெள்ளையா கீதுபா, நெலா மாரி" என்று மெதுவாகச் சொன்னார்.

மறுநாள் சனிக்கிழமை பிளக் வேட்டை. எங்கள் ஊர் பிளக்குக்குச் சதுரக் கால், இங்கே சுவரில் வட்டத் துளை. பாண்டி பஜாரில் ஒரு எலக்ட்ரிக் கடைக்காரர் பழைய பிளக்கை வெட்டிப் போட்டுவிட்டு வட்டக்கால் பிளக் மாட்டிக் கொடுத்தார். கொடுக்கும்போது பெட்டியைக் காதருகே வைத்துக் கேட்டார், மூக்கருகே வைத்து முகர்ந்தார். பக்கத்து ஓட்டலில் டபரா டம்ளரில் காப்பி. பினாங்கில் கட்டிப்பால் ஊற்றிய கறுப்புக் கோப்பியில் வளர்ந்தவன் நான். இந்த நுரையைக் குடிப்பதா, முகம் கழுவிக்கொள்வதா என்று யோசித்தேன். குடித்த பிறகு இன்னொன்று வாங்கினேன்.

இந்தச் செல் முழுசாக நிறையப் பதினாலு மணி நேரம் ஆகும். அன்று சாயங்காலம் சொருகி, ஞாயிற்றுக்கிழமை காலையில் எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் செல்களைக் காணோம். தேடிப் போனால் முற்றத்துத் தகரத்தின் மேல், வெயிலில், வடகத்துக்குப் பக்கத்தில் படுத்திருக்கின்றன. கூடவே உள்ளூர் செல்கள் நான்கு.

"டார்ச்ச வுட்டு வெளிய எடுத்தா செத்துப்போன செல்லுதானே? அதான் காயப் போட்டேன். நல்லா காஞ்சா இன்னும் நாலு நாளு எரியும் தம்பி" என்றாள் அத்தை.

தொட்டால் கை சுட்டது. ஈரத்துணியில் சுற்றிக்கொண்டே, இத்தனை செல் ஏது என்று கேட்டேன். அத்தை சிரித்தாள். "ஒங்க மாமாவுக்கு வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழமை கொட்டாய்ல புச்சா ரெண்டு செல்லு குடுப்பாங்க. பழசு இவங்களுக்குத்தான். அதுலதான் நம்ம ரேடியோ பாடுது. இந்த வாரம் படம் ஊத்திக்கிச்சி, கொட்டாய்ல ஆளே இல்ல. செல்லு அப்டியே புச்சா வரும்." அவள் முகத்தில் பண்டிகை வந்த சந்தோஷம். படம் தோற்றதற்கு ஒரு வீட்டில் இத்தனை சந்தோஷமா என்று நானும் சிரித்தேன். கேட்டதைக் காதில் வாங்கினேனே தவிர மனதில் வாங்கவில்லை.

திங்கட்கிழமை மாட்டினி காட்சிக்கு மாமாவோடு போனேன். கொட்டகையின் பெயர் வேண்டாம். மாமாவையும் சேர்த்து ஏழு டார்ச்காரர்கள். அத்தை சொன்னது சரிதான், ஆயிரம் நாற்காலிகளில் எண்பது பேர் இருந்தார்கள், அதிலும் பாதிப் பேர் தூக்கம். ஏழு பேரும் கதவோரத்தில் மணலில் குந்துவது போலச் சுகமாகக் குந்தியிருந்தார்கள். அவர்களில் கன்னியப்பன் என்று ஒருவர், நாற்பது வயது இருக்கும், உப்புக் காற்றில் காய்ந்த கறுத்த தேகம், நொச்சிக்குப்பத்து மீனவக் குடும்பம். எனக்கு முதலில் டீ வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். "பினாங்குல இருந்து நம்மாளு வந்துகிறாருப்பா" என்று மற்றவர்களுக்கு என்னைக் காட்டினார்.

இடைவேளையில் மேனேஜர் ராமநாதன் சார் வந்தார். நெற்றியில் சந்தனக் கீற்று, சட்டைப் பையில் இரண்டு பேனா. மாமா கையில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்து நின்றுவிட்டார். "என்ன கோவிந்தா, கையில சூரியனை வச்சுண்டிருக்கே?"

மாமா என்னைக் காட்டினார். நான் ஆரம்பித்தேன். எப்படி நிறைப்பது, எத்தனை நூறு தடவை நிறைக்கலாம், ஜப்பான்காரன் மூளை, பினாங்கின் நாகரிகம் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில், ஏழு பேருக்கும் காது கேட்கும்படி, "இதை வச்சிக்கிட்டா நீங்க செல்லே வாங்க வேண்டாம் சார்" என்றேன்.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "செல்லே வாண்டாமா? பேஷ். உங்க ஊர்லேர்ந்து கப்பல்ல வரவா ஆளுக்கு ஒண்ணு கொண்டு வந்தா ஏழும் சேந்துடுமே. நீங்க எழுதிப் போடுங்கோ. வெள்ளிக்கிழமை புதுப் படத்துக்கு முதலாளி குடும்பத்தோட வரார். கோவிந்தன் இதைப் பிடிச்சுண்டு முன்னால போகட்டும். அவர் ஒரு தடவை பாத்துட்டார்னா போறும். இந்த வாரத்துலேர்ந்தே செல்லை நிறுத்திடறேன், ஏழும் வரவரைக்கும் இருக்கற செல்லே போறும்."

நான் தலையாட்டினேன். சுற்றிப் பார்த்தபோது டார்ச்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து தங்கள் கதவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இரண்டாவது டீ எனக்கு வரவில்லை.

பஸ்ஸில் மாமா டிக்கெட்டைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக வந்தார். லஸ்ஸில் இறங்கி எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். வீட்டுச் சந்து திரும்பும்போதுதான், "நாளிக்கு கன்னியப்பன் வூட்டாண்ட போலாம்" என்றார். "எதுக்கு மாமா?" "மீனு துன்ன" என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை நொச்சிக்குப்பம். சாலையோரத்தில் பெண்கள் கூடைகளைப் பரப்பிக்கொண்டு, வாங்குகிறவர்களைவிட வேடிக்கை பார்க்கிறவர்களிடம் அதிகம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பினாங்கில் மீன் மார்க்கெட்டில் தரை கழுவி, மின்விசிறி போட்டு வைத்திருப்பார்கள், ஒருத்தரும் நம்மோடு பேச மாட்டார்கள். இங்கே ஒரு கிழவி என் பாத்திக் சட்டையைப் பிடித்து இழுத்து, "யோவ் பூச்சட்ட, ஒனக்குத்தான் இந்த வவ்வாலு" என்றாள். அந்த வவ்வால் மீனை வாங்கிவிட்டேன். அதைக் கன்னியப்பன் மனைவி வாங்கி வறுத்தே கொடுத்துவிட்டாள்.

சாப்பிட்டு முடித்ததும் கன்னியப்பன் கையைத் துடைத்துக்கொண்டு, "வா தம்பி, ஒண்ணு காட்றேன்" என்று வலை பின்னும் கொட்டகைக்குக் கூட்டிப்போனார். நடுக் கம்பத்தில் பிளாஸ்டிக் பை போட்டு மூடி ஒரு சின்ன ரேடியோ தொங்கியது. இரண்டு செல் போடுகிற ரகம். மணி பார்த்து ஒருவர் பையை நீக்கினார். வலை பின்னுகிறவர்கள் ஊசியை நிறுத்தினார்கள். பேசிக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடினார்கள். மீனவர்களுக்கான வானிலை அறிவிப்பு வந்தது. காற்று எந்தத் திசை, என்ன வேகம், கடல் எப்படி. இரண்டு நிமிஷம் இருக்கும். முடிந்ததும் அடுத்து பாட்டு தொடங்கியது. முதல் வரி வருவதற்குள் ரேடியோவை அணைத்துப் பையைப் போட்டுவிட்டார்கள்.

"பாட்டு கேக்க மாட்டீங்களா?" என்றேன்.

"செல்லு போயிடும்ல" என்றார் கன்னியப்பன். "காலைல ரெண்டு நிமிசம், சாங்காலம் ரெண்டு நிமிசம். அவ்ளோதான். பதினோரு வருசமா கொட்டாய்ல கொடுக்கிற செல்லுதான் இதுல ஓடுது. படம் ஊத்திகிச்சின்னா வாரம் முழுக்க நல்லா பேசும். படம் ஓடுச்சின்னா டார்ச்சு அடிச்சி அடிச்சி செல்லு செத்துப் போயிடும், இதுவும் பேசாது. போன வருசம் ஒரு படம், டெய்லி ஹவுஸ்ஃபுல்லு. ரேடியோ மூணு நாளு பேசல. எங்க அண்ணன் கடலுக்குப் போய்ட்டாரு."

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்துட்டாருபா, பயப்படாத" என்று கன்னியப்பன் சிரித்தார். "கட்டுமரம்தான் ரெண்டா பூடுச்சி. ஆளு ராத்திரி பூரா கட்டையப் புடிச்சிகினு மெதந்து, காலைல கரையேறிட்டாரு. அதோ, வலைய பின்னிகினு கீறாரு பாரு." அண்ணன்காரர் எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

புதுச் செல் கடையில் வாங்கிக்கொள்ளலாமே என்று கேட்க வாயெடுத்தேன். அந்த ஓட்டைக் கூரையையும் ஒட்டுப்போட்ட வலைகளையும் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். கன்னியப்பன் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "வெள்ளிக்கெழமை செல்லு கெடியாதுன்னு மேனேஜர் சொல்லிட்டாரு. டார்ச்சுல கீற நல்ல செல்ல இதுல போட்டுகினு, இதுல கீற பழச டார்ச்சுல போட்டுகினு, இன்னும் பத்து நாளு தள்ளலாம். அப்பால பாத்துக்கலாம்" என்று மட்டும் சொன்னார். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. முந்தின நாள் கொட்டகையில் நின்று பேசிய பினாங்கு நாகரிகம் எல்லாம் ஒவ்வொரு வார்த்தையாக ஞாபகம் வந்தது.

புதன், வியாழன் இரண்டு நாளும் ஊர் சுற்றினேன் என்று பேர். கபாலி கோயில் தேர்முட்டி, ரோஸ்மில்க், லஸ் மூலையில் ஒரு சைக்கிள் ரிக்‌ஷாவிலிருந்து பெட்டியோடு சரிந்து விழுந்த ஒரு சங்கீத வித்துவான், அவர் விழுந்த நிலையிலும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்த வெற்றிலைச் செல்லம். எல்லாம் பார்த்தேன். மனம் ஒன்றிலும் நிற்கவில்லை. வியாழன் சாயங்காலம் டார்ச் செல்லைச் சொருகினேன். இரண்டு மணி நேரத்தில் கரண்ட் போய்விட்டது. அந்த நாளில் சென்னையில் அது சகஜம். மறுநாள் கொட்டகைக்குக் கிளம்புகிற நேரத்துக்குத்தான் வந்தது. பாதிச் செல்கூட நிறைந்திருக்காது.

கரண்ட் போன அந்த ராத்திரி, அரிக்கேன் வெளிச்சத்தில், "நாளிக்கு இது ஏமாத்துமா?" என்று மாமா கேட்டார்.

அப்போதுதான் சொன்னேன். இது மங்காது மாமா, பட்டென்று அணையும், எப்போது அணையுமென்று யாருக்கும் தெரியாது என்று. மாமா டார்ச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மொதல்லியே சொல்லக் கூடாதா மருமவனே" என்றார். கோபம் இல்லை. கோபித்திருந்தால் தேவலை.

வெள்ளிக்கிழமை காலை அபிராமபுரத்தில் மேனேஜர் வீட்டு வாசலில் போய் நின்றேன். சார் பூஜை முடித்து ஈர வேட்டியோடு வந்தார். உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார். நான் கோளாறைச் சொன்னேன். கரண்ட் போனதையும் சொன்னேன். இன்றைக்கு இதைக் காட்ட வேண்டாம் என்று கெஞ்சினேன்.

"நீங்க ரொம்பக் கவலைப்படறேள்" என்றார் அவர். "நேத்திக்கு ஆத்துல எல்லார்கிட்டயும் சொல்லிண்டிருந்தேன், ஊர்லயே நம்ம கொட்டகையிலதான் முதல்லன்னு. கதவுலேர்ந்து சீட்டுக்கு அரை நிமிஷம். அரை நிமிஷம் எரியாதா?"

அரை நிமிஷம் எரியும் என்றுதான் எனக்கும் தோன்றியது. கன்னியப்பன் ரேடியோவைப் பற்றிச் சொல்ல நினைத்தேன். கொட்டகைச் செல் எப்படிக் குப்பத்துக்குப் போகிறது என்று அவர் கிளற ஆரம்பித்தால் காரியம் கெட்டுவிடுமோ என்று பயந்து, காப்பிக்கு நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

புதுப் படம் என்பதால் மாட்டினிக்கே கூட்டம் அடைத்துக்கொண்டு நின்றது. முதலாளி, தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து தியாகராய நகரில் ஜவுளிக்கடை போட்டு உயர்ந்தவர். அந்தப் பாக்கியத்தில் கொட்டகையும் வாங்கியவர். படம் தொடங்கிப் பத்து நிமிஷம் கழித்து வந்தார், கூடவே மனைவியும், பட்டுப் புடவையில் பருத்த அவருடைய அத்தையும். மாமா டார்ச்சோடு முன்னால் நடந்தார். மேனேஜர் பக்கத்தில். நான் கதவருகே.

என்ன வெளிச்சம் அது. படிகள், நாற்காலிக் கால்கள், ஒருவர் கழற்றிப் போட்டிருந்த செருப்பு எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தன. "வெளக்குன்னா இதுல்லா வெளக்கு" என்று முதலாளி சொன்னது எனக்குக் கேட்டது. சொல்லி முடித்தாரோ இல்லையோ, பட்.

திரையிலும் அப்போது பார்த்து இருட்டுக் காட்சி. அந்த வெள்ளை வெளிச்சத்துக்குப் பழகிய கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை. அத்தையம்மாள் நடுப்படியில் நின்று, "அய்யோ, கண்ணு போச்சே" என்றாள். பிறகு தொப்பென்று ஒரு சத்தம். ஒரு ஆள் குரல் மிக மரியாதையாக, "பரவால்லம்மா, குந்துங்க. ஆனா கொஞ்சம் அப்டி நகந்து குந்துங்க, நான் மூச்சு வுடணும்" என்றது. வரிசை முழுக்கச் சிரித்தது.

அப்போது பின்னாலிருந்து ஒரு மஞ்சள் வெளிச்சம் அசைந்து வந்தது. பரங்கிப் பூ நிறம். இரண்டடி தூரம்தான் விழும். அதை உள்ளங்கையில் தட்டித் தட்டி எழுப்பிக்கொண்டே கன்னியப்பன் வந்தார். தரையோடு தரையாக வெளிச்சத்தைப் பிடித்து, "இப்டி வாங்கம்மா, இங்க ஒரு படி, இப்ப இன்னொரு படி" என்று குழந்தையை நடத்துவது போல அந்த அம்மாளைக் கூட்டிப்போய் உட்கார வைத்தார். பதினோரு வருஷம் அந்தப் படிகளைக் காலால் அறிந்த மனிதர்.

இடைவேளையில் முதலாளி எங்களையும் கன்னியப்பனையும் வெளியே கூப்பிட்டார். மேனேஜர் முகம் வெளுத்திருந்தது. மாமா என் பின்னால் நின்றார். மாமா பேர் கெடக்கூடாது என்று நான் முந்திக்கொண்டேன்.

"தப்பு என்னோடது. இந்த டார்ச் சொல்லாம அணையும்னு எனக்கு முன்னாடியே தெரியும். பெருமைக்காகச் சொல்லாம இருந்துட்டேன். காலையில மேனேஜர் சார்கிட்ட சொன்னேன், அதுக்குள்ள நேரமாயிடுச்சு. இன்னொண்ணும் சொல்லணும்." குப்பத்து ரேடியோவைச் சொன்னேன். இரண்டு நிமிஷ அறிவிப்பைச் சொன்னேன். இரண்டாகப் போன கட்டுமரத்தைச் சொன்னேன். எல்லாம் ஒரே மூச்சில். மாமா என் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்துக்கொண்டே இருந்தார்.

மேனேஜர் கன்னியப்பனைப் பார்த்தார். "செல்லை ஆத்துக்கு எடுத்துண்டு போறேள்னு தெரியும், அது எல்லாக் கொட்டகையிலயும் உண்டு. கடலுக்குப் போறவாளுக்குன்னு எங்கிட்ட ஏன்டா சொல்லலை?"

"நீங்க கேக்கல சார்" என்றார் கன்னியப்பன்.

முதலாளி கன்னியப்பனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்தார். "எங்க அத்தை விழுந்தது நல்லதுக்குத்தாம்வே மேனேஜரே. இந்தா, புதுச் செல்ல எடுத்து எல்லாருக்கும் குடும். வெள்ளிக்கெழமை வழக்கத்த மாத்தாதீரும். இந்த சப்பான் சாமான அந்தப் பயலுவ ரேடியோவுக்குப் போடச் சொல்லும். நம்ம ஆப்பரேட்டர் ரூம்புல செனரேட்டர் இருக்குல்லா, கரண்டு போனாலும் அங்க போவாது. அங்கன சொருகிக்கிடட்டும்."

"அது சொல்லாம செத்துப்போயிடுமே சார்" என்றேன் நான். இந்தத் தடவை கோளாறை முதலில் சொல்லிவிட்டேன்.

"அதுக்குத்தான் பழசு கீதே" என்றார் கன்னியப்பன். "இது செத்தா அதப் போட்டுக்கறது. அதுக்குள்ள இத கொட்டாய்க்கு இட்டாந்து ரொப்பிக்கறது." பினாங்கில் இடுப்பில் இரண்டு டார்ச் செருகிக்கொண்டு ஒரு வருஷம் திரிந்த நான் அவரைப் பார்த்தேன். எங்கள் ஏற்பாடும் அதேதான், இவர் ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டார்.

அம்மா கொடுத்த பரிசு இப்படிக் கைமாறுகிறதே என்று மாமாவைப் பார்த்தேன். மாமா டார்ச்சிலிருந்த ஜப்பான் செல்களைக் கன்னியப்பன் கையில் கொட்டிவிட்டு, மேனேஜர் கொடுத்த உள்ளூர் செல் இரண்டைப் போட்டு அடித்தார். முன்னைவிட இன்னும் பளிச்சென்று எரிந்தது. இந்தச் சங்கதி எங்கள் பினாங்கில் ஒருவருக்கும் தோன்றவில்லை. "அக்காவாண்ட போய் சொல்லு, தம்பி கையில சூரியன் கீதுன்னு" என்றார்.

வெள்ளி, சனி இரண்டு நாளும் செல்கள் ஆபரேட்டர் அறையில் நிறைந்தன. ஞாயிற்றுக்கிழமை காலை அவற்றை மடியில் கட்டிக்கொண்டு கன்னியப்பனோடு குப்பத்துக்குப் போனேன். போட்டதும் ரேடியோ கணீரென்று பேசியது. அறிவிப்பு முடிந்தது. பாட்டு தொடங்கியது. வழக்கப்படி ஒருவர் கையை நீட்டினார். கன்னியப்பனின் அண்ணன் அந்தக் கையைத் தடுத்துவிட்டார். முழுப் பாட்டும் கேட்டோம். வலை ஊசிகள் பாட்டுக்கு ஏற்றபடி போய்வந்தன. மீன் கூடைக் கிழவி என் பாத்திக் சட்டையைக் காட்டி ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், இந்தத் தடவை ஜன்னல் பக்கம் திரும்ப வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் எனக்குக் கப்பல். அந்த ஞாயிறு மாலைக் காட்சிக்கு விடைபெறப் போனபோது கொட்டகை வாசலில் ஹவுஸ்ஃபுல் போர்டு மாட்டியிருந்தது. முதலாளி அத்தையம்மாள் விழுந்த படம் பெரிய வெற்றி. உள்ளே டார்ச்காரர்கள் ஓடிக்கொண்டே இருந்தார்கள், வழக்கம் போல முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. "இது நூறு நாளு போவும், எங்க வூட்டு ரேடியோ காலி" என்று ஒருவர் முனகிக்கொண்டு போனார்.

மாமா எனக்கு ஓர் ஓரத்தில் நாற்காலி போட்டார். கதாநாயகன் வந்தான். கூட்டம் ஆர்ப்பரித்தது. அந்தச் சத்தம் ஓய்ந்த பிறகு, கதவருகே இருட்டிலிருந்து ஒரு விசில், இரண்டு விரலை வாயில் வைத்து அடித்த, நீளமான, கடற்கரை விசில்.

மாமா என் காதருகே குனிந்தார். "கன்னியப்பன்பா. பதினோரு வருசத்துல ஒரு படமாவது ஓடணும்னு அவன் நெனச்சதே கெடியாது."

விசில் மறுபடியும் வந்தது.